இருவகை மௌனம்

வயல்வேலையிலும் முந்திரி ஆலையிலும் உழைத்து, பிள்ளைகளைக் கரையேற்றி, கணவரை அடக்கம் செய்து, இப்போது திண்ணையில் ஓய்ந்திருக்கும் நாஞ்சில் நாட்டு மூதாட்டி ஒருவரிடம் சென்று, மனத்தில் ஏதேனும் வருத்தம் உண்டா என்று கேட்டால், இல்லை என்ற விடையே பெரும்பாலும் வரும். ஆனால் அடுத்த மூச்சிலேயே, ‘மேலுக்கு ஒண்ணும் ஏலல்ல மக்களே’ என்று தொடங்கி, கையும் காலும் ஓய்ந்து வருவதையும், நெஞ்சுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டு நிற்பதையும், மருத்துவர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு ஒரு நோயும் இல்லை என்று அனுப்பிவிட்டதையும் அவர் நெடுநேரம் சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டு விடைகளில் எதுவும் பொய்யன்று. வருத்தம் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. களைப்பு இருப்பது தெரிகிறது. ஒருவர் தாம் அறியாத துயரத்தால் களைத்துப்போக முடியுமா என்பது மருத்துவம் விடை தேடும் கேள்வி. அவ்வாறு களைத்து அடங்கியிருக்கும் நிலை, நம் சமயங்களெல்லாம் ஒருமுகமாகப் புகழும் சாந்தநிலையைப் போலவே வெளிக்குத் தோன்றுவதால், இரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது என்பது அதனினும் கடினமான கேள்வி. இதை மருத்துவம் கேட்பதில்லை, சமயமே கேட்க வேண்டும்.

முதற் கேள்விக்கு மேனாட்டார் கண்ட விடையைச் சுருக்கமாகச் சொல்லலாம். தம் நோவைப் பற்றி விரிவாக விவரிக்க வல்ல நோயாளர் சிலர், அந்நோவின்போது உள்ளத்தில் என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டால் திகைத்து நிற்பதைக் கண்ட பாஸ்டன் நகரத்து மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ், 1970-களின் தொடக்கத்தில் அந்நிலைக்கு ‘அலெக்ஸிதைமியா’ என்று பெயரிட்டார். தன் உணர்ச்சி இன்னதென்று அறிவதில் தடுமாற்றம், அதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதில் தடுமாற்றம், எண்ணம் உள்முகமாகத் திரும்பாமல் புறச் செய்திகளிலேயே தங்கிவிடுதல் ஆகிய மூன்றையும் அளப்பதற்கு டொரன்டோவில் வகுத்த 20 வினாக்கள் 1994 முதல் ஆராய்ச்சியாளரிடையே பெருவழக்கில் உள்ளன. ஏறத்தாழ அதே காலத்தில், 1974-இல், ஹெர்பெர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்பவர், பிறர்க்கு உதவும் பணியில் தம்மை முழுவதும் செலவிட்டு வறண்டுபோன தொண்டர்களைக் கண்டு ‘பர்ன் அவுட்’ என்னும் நிலையைப் பற்றி எழுதினார். இவ்விரண்டும் ஒரே மனிதரிடம் அடிக்கடி கூடி வருகின்றன என்பதைப் பின்லாந்து நாட்டின் உழைக்கும் மக்களிடையே நடத்திய ஆய்வு முதலியன காட்டியுள்ளன. எது காரணம், எது காரியம் என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. உணர்ச்சியை அறியாமையால் களைப்பு வரலாம், நெடுங்காலக் களைப்பே உணர்ச்சியை மழுங்கச் செய்யவும் கூடும். ஆயினும் ஒன்று தெளிவு. முகத்தில் எதையும் காட்டாமல் ஒரு துயரக் காட்சியைப் பார்க்கும்படி ஏவப்பட்டவர்களைச் சோதித்த ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்னும் உளவியலார், முகம் அடங்கிய அளவுக்கு உடலின் உட்கிளர்ச்சி அடங்கவில்லை, மாறாகக் கூடியது என்று கண்டனர். வெளியே காட்டாததற்கும் உடல் விலை கொடுக்கிறது. அறியாமலே காட்டாதிருப்பவர், அவ்விலையைத் தாம் கொடுத்துக்கொண்டிருப்பதையும் அறியமாட்டார்; ஆகவே எப்போது நிறுத்த வேண்டும், எப்போது இளைப்பாற வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியாது.

உழைப்பின் மிகுதி மட்டுமே இந்தக் களைப்பை உண்டாக்குவதில்லை என்பதற்கு நம் கடற்கரையிலேயே ஒரு சான்று உண்டு. கோட்டாற்றில் பேராலயம் கொண்டிருக்கும் தூய சவேரியார், 1544-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரோமாபுரியிலிருந்த தம் தோழர்களுக்கு எழுதிய மடலில், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துத் தம் கைகள் ஓய்ந்துபோவதையும், மந்திரங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் குரல் அற்றுப்போவதையும் குறிப்பிடுகிறார். அதே மடலில் அவ்வுழைப்பினூடே உள்ளத்தில் பொங்கிய ஆனந்தத்தையும் எழுதுகிறார். கை ஓய்ந்தது, அந்த ஓய்ச்சலோடு கூடி நின்ற உணர்வு இன்னதென்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதைச் சொல்லிக்கொள்ளக் கடல்கடந்த தூரத்திலாவது நண்பர்கள் இருந்தார்கள். அவர் அடைந்த அயர்வையும் திண்ணை மூதாட்டியின் ஏலாமையையும் ஒரே அளவுகோலால் அளக்க இயலாது.

இச்செய்தியில் தமிழ் மரபுக்குத் தனியானதொரு தெளிவு முன்பே வாய்த்திருந்தது என்று நான் கருதுகிறேன். தொல்காப்பியத்தைக் கேட்டு ஆராய்ந்தவர் அதங்கோட்டு ஆசான் என்று அந்நூலின் பாயிரம் கூறுகிறது. அவ்வதங்கோடு இன்றைய விளவங்கோட்டுப் பகுதியில் உள்ள ஊரே என்று குமரி மாவட்டத்து அறிஞர் பலர் கொள்வர். அவ்வாறாயின், உள்ளத்து உணர்வு உடலில் தோன்றும் முறையை வகுத்த மெய்ப்பாட்டியலை முதன்முதலில் செவிமடுத்தவருள் இம்மண்ணைச் சேர்ந்தவர் ஒருவரும் இருந்தார் என்று ஆகிறது. அவ்வியல் கூறும் மெய்ப்பாடுகள் எட்டு. ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்கள். அழுகை பிறக்கும் நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இகழப்படுதலும், உற்றாரை இழத்தலும், பொருளின்மையும் அழுகைக்குக் காரணம் என்பதை எவரும் சொல்லிவிடுவர். இவற்றின் நடுவே தளர்ச்சியாகிய அசைவையும் வைத்து, முன்பிருந்த நிலை கெட்டு வேறொரு வகையாய் வருந்துதல் என்று உரையாசிரியர் பேராசிரியர் விளக்கும்படி செய்தது எளிய காரியம் அன்று. எட்டின்பால் அடங்காத வேறு முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளை அடுக்கும்போது மடிமையும், கையாறும், பெருமூச்சாகிய உயிர்ப்பும் அங்கே இடம் பெறுகின்றன. களைப்பை உடம்பின் கணக்கில் மட்டும் எழுதிவிடாமல் அழுகையின் கணக்கிலும் எழுதிவைத்த இலக்கணம் இது. மருத்துவர் ஒரு நோயும் இல்லை என்று திருப்பி அனுப்பிய இடத்தில், தொல்காப்பியர் நின்று, இவர் அழவேண்டியவர், ஆனால் அழவில்லை என்று கண்டிருப்பார்.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். உணர்ச்சிகளை அடக்கு, இன்பதுன்பங்களைச் சமமாகக் கொள், பற்றறு என்று கீதை முதற்கொண்டு சித்தர் மரபு ஈறாகச் சாஸ்திரங்கள் போதிக்கும் நாட்டில், ஒன்றையும் உணராதவரைக் கண்டால் பக்குவி என்று வணங்குவது எளிது. மகன் இறந்தும் கண்ணீர் வடிக்காத தாயை, என்ன மனத்திடம் என்று ஊர் மெச்சுகிறது. அந்த மெச்சுதலில் பெருந்தவறு ஒன்று மறைந்து கிடக்கிறது. அதை வெளிக்கொணரும் நுட்பமான கருவி சைவ சித்தாந்தத்தில் இருக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் அருளிய சிவஞான போதமும், அதன் வழிவந்த நூல்களும், ஆன்மாவுக்கு மூன்று அவஸ்தைகளைக் கூறும். கேவலத்தில் ஆன்மா ஆணவ இருளில் மூழ்கி, அறிவும் இச்சையும் கிரியையும் விளங்காமல் கிடக்கிறது. சகலத்தில் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்களோடும் உடலோடும் கூடி, இன்பதுன்பங்களை நுகர்கிறது. சுத்தத்தில் மலம் நீங்கித் திருவருளில் அழுந்தி நிற்கிறது. முதலதும் இறுதியதும் புறத்தே ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் சலனம் இல்லை, இரண்டிலும் கூக்குரல் இல்லை. ஆனால் ஒன்று இருளின் அசைவின்மை, மற்றது ஒளியின் அசைவின்மை. இவற்றுக்கு இடையே கிடப்பது அழுகையும் நகையும் வெகுளியும் அச்சமும் நிறைந்த சகலம். அதன் வழியாகச் செல்லாமல் கேவலத்திலிருந்து சுத்தத்துக்குத் தாவும் குறுக்குவழியைச் சித்தாந்தம் எங்கும் காட்டவில்லை. உடல், கரணம், உலகு, போகம் ஆகிய நான்கையும் இறைவன் ஆன்மாவுக்குக் கொடுப்பதே, அது நுகர்ந்து பக்குவப்பட வேண்டும் என்பதற்காக என்றன்றோ அந்நூல்கள் கூறுகின்றன. தன் துயரம் இன்னதென்று அறியாதவர் அத்துயரத்தைத் துறந்தவர் ஆகமாட்டார். கைக்கு வராத பொருளை எவரும் தானம் செய்ய முடியாது.

இதே சித்தாந்தம் ஆன்மாவின் ஸ்வரூபத்தைப் பற்றிச் சொல்லும் மற்றொரு கருத்து எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஆன்மா தானாக அறியும் பொருளன்று, அறிவிக்க அறியும் பொருள். பளிங்கைப் போலச் சார்ந்ததன் வண்ணம் கொள்வது. கண்ணுக்குச் சூரியனின் ஒளி துணை நிற்பதுபோல அறிவுக்கும் ஒரு துணை வேண்டும். இது இறைவனுக்கும் ஆன்மாவுக்கும் உள்ள சம்பந்தத்தைக் குறித்த தத்துவமே ஆயினும், மனிதர்க்கும் மனிதர்க்கும் இடையே இதன் நிழல் விழுகிறது. அழும் குழந்தையைத் தூக்கி, பசிக்கிறதா, பயந்துவிட்டாயா என்று கேட்கும் தாயிடமிருந்தே நாம் ஒவ்வொருவரும் பசியையும் பயத்தையும் வெவ்வேறாகப் பிரித்தறியக் கற்றோம். அக்கேள்வி எவரும் கேட்காத வீட்டில் வளர்ந்தவர், நெஞ்சு அடிப்பதை அறிவார், அது பயமா கோபமா என்பதை அறியார். இது பாவமும் அன்று, குணக்கேடும் அன்று. அறிவிப்பார் இல்லாமையே குறை.

அறிவிப்பார் எப்படி வரவேண்டும் என்பதை நம்மாழ்வாரின் சரிதத்தில் காண்கிறேன். நாகர்கோவிலுக்கு அருகிலுள்ள திருப்பதிசாரம், அவருடைய தாயார் உடையநங்கையின் பிறந்தகம். ஆகையால் நாஞ்சில் நாட்டார்க்கு அவர் மகள்வழிப் பேரன். பிறந்தபோது அழவும் இல்லை, பால் உண்ணவும் இல்லை. திருக்குருகூர்ப் புளிய மரத்தடியில் பதினாறு ஆண்டுகள் பேசாமல் வீற்றிருந்தார் என்று வைணவ குருபரம்பரை கூறும். அந்த மௌனத்தை ஊர் என்னவென்று எண்ணியதோ. பெற்றோர் எத்தனை துயருற்றனரோ. வட நாட்டிலிருந்து ஒளியைப் பின்பற்றி வந்த மதுரகவிகள் அவரைக் கண்டதும் உபதேசம் செய்யவில்லை, பேசு என்று வற்புறுத்தவும் இல்லை. முதலில் கல்லொன்றை எறிந்து, ஓசை கேட்கிறதா என்று பார்த்தார். கண் திறந்த பின், அறிவற்ற உடலினுள்ளே நுண்ணுயிர் வந்து பிறந்தால் எதை உண்டு எங்கே கிடக்கும் என்ற பொருள்பட வினவினார். அதையே உண்டு அங்கேயே கிடக்கும் என்று விடை வந்தது. பிறகு பிறந்தது திருவாய்மொழி: ஆயிரத்துக்கு மேற்பட்ட பாசுரங்களில் காதலியாகவும் தாயாகவும் தோழியாகவும் நின்று, தூக்கமின்மை, ஊடல், பொறாமை, ஆற்றாமை, உவகை என்று மனித நெஞ்சத்தின் ஒவ்வொரு கூறும் பெயர் பெற்ற பேரிலக்கியம். கண்ணனுடைய எளிமையை நினைந்து ஆறு திங்கள் மோகித்துக் கிடந்தார் என்றும் சொல்லுவர். அதுவும் ஒரு சோர்வே. உணர்வு நிறைந்து உடல் தாங்காத சோர்வு அது.

மதுரகவிகளின் கேள்வி உடலைப் பற்றியதாக அமைந்திருப்பதை நான் பலகாலும் எண்ணிப்பார்த்ததுண்டு. உணர்வின் பெயர் தெரியாதவரிடம் உணர்வைப் பற்றிக் கேட்பது, அவர் அறியாத மொழியில் கேட்பதாகும். அவர் அறிந்த மொழி உடம்பின் மொழி. கால் ஓய்கிறது என்பவரிடம், எப்போதிலிருந்து ஓய்கிறது, காலையிலா மாலையிலா, யார் வந்தால் தேவலை என்று கேட்டுக்கொண்டே போனால், அவர் குறிப்பிடும் மாதம் பலவேளைகளில் ஒரு மரணத்தின் மாதமாக இருக்கும். அல்லது மகன் வளைகுடா நாட்டுக்கு விமானம் ஏறிய மாதமாக இருக்கும். அதை நாம் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை, அவரே சொல்லிவிட்டு அவரே வியந்து நிற்பார்.

உணர்வின்மை முற்றிலும் தனிமனிதரின் செய்தியும் அன்று. உணராதே என்று ஒரு சமூகமே மற்றொரு சமூகத்துக்கு ஆணையிட்ட சரித்திரம் நமக்கு உண்டு. திருவிதாங்கூர் ஆட்சியில் ஒடுக்கப்பட்ட சாதியார் ஊதியமில்லா ஊழியம் செய்தனர், தலைக்கு வரி இறுத்தனர்; பெண்கள் மேலாடை அணியப் போராட வேண்டியிருந்தது, 1859-இல்தான் அரசப் பிரகடனம் வழிவிட்டது. கைகட்டி வாய்புதைத்து நிற்பவர்க்குச் சினம் கொள்ளும் உரிமை இல்லை. காட்டினால் அடி விழும். தலைமுறை தலைமுறையாகக் காட்டப்படாத சினம், ஒரு கட்டத்தில் தன்னாலும் அறியப்படாத சினமாகிவிடுகிறது. தொல்காப்பியர் கூறிய இளிவும் அசைவும் ஒரே உடலில் குடியேறிய காலம் அது. 1809 முதல் 1851 வரை வாழ்ந்த அய்யா வைகுண்டர் சுவாமித்தோப்பில் தொடங்கிய வழிபாட்டில், பள்ளியறையில் விளக்குகளோடு கண்ணாடி நிலைபெற்றிருக்கிறது. தலைப்பாகை கட்ட மறுக்கப்பட்டவர்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு அதன் முன்னே நிற்கிறார்கள். இறைவன் உன்னுள் இருக்கிறான் என்பது அதற்கு அன்பர்கள் கூறும் தத்துவம். அதை மறுக்காமலே மேலும் ஒன்றைக் கூற விரும்புகிறேன்: தம் முகத்தைத் தாமே நிமிர்ந்து நோக்க இடமில்லாதிருந்த மக்களுக்கு, உன் முகத்தில் எழுதியிருப்பதைப் படி என்று சொன்ன முதல் ஆலயம் அது. நூல்கள் பல கற்ற நம் பெரிய கோயில்கள் இந்தப் பணியைச் செய்யவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கொடை விழாக்களில் வேறொரு முறை நிகழ்கிறது. வில்லும் குடமும் உடுக்கையும் முழங்க, அகாலமாய் மடிந்தவர்களின் கதையைப் புலவர் நள்ளிரவு கடந்தும் பாடுகிறார். வஞ்சத்தால் கொலையுண்டு இசக்கியானவளின் கதையில் மரணம் வரும் இடத்தை நெருங்க நெருங்கத் தாளம் இறுகும்போது, கோமரத்தாடி மேல் அருள் வந்து இறங்குகிறது. கற்றோர் சிலர் இதை மூடபக்தி என்று ஒதுக்குவர், நான் ஒதுக்கமாட்டேன். ஆண்டு முழுவதும் ஒரு சொல்லும் பேசாதவர்கள், தம் துயரைப் பெயரிட்டறிய இயலாதவர்கள், வேறொருத்தியின் துயர் முழுப் பெயரோடும் ஊரோடும் பாடப்படுவதைக் கேட்டு அங்கே அழுகிறார்கள். பெயர் இரவலாக இருக்கலாம், கண்ணீர் அவர்களுடையதே.

கடற்கரையில் இது இன்னும் கடினம். 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் கடல் ஏறி வந்தபோது, கிடைத்த உடல்களையாவது மண்ணில் வைக்க முடிந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் ஆழ்கடலில் மீனவர்களைத் தாக்கியபோது, சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளை முதலிய ஊர்களில் பலருடைய உடலும் திரும்பவில்லை. நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளில் ஊரெல்லாம் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, ஏற்றுவதற்குக் கல்லறையே இல்லாத பெண்ணின் நிலை என்ன? அவர் விதவையா, காத்திருப்பவரா என்பதே தீராதபோது, தன் நெஞ்சில் உள்ளது இழவா நம்பிக்கையா என்று அவர் எப்படிப் பிரித்தறிவார்? அவர் விடியலில் எழுகிறார், மீன் வாங்கி விற்கிறார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார், மாலையில் உடம்பு கல்லாகிவிடுகிறது.

இத்தகைய சோர்வைக் கிறிஸ்தவ மரபும் முன்பே அறிந்திருந்தது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் தவமிருந்த கிறிஸ்தவத் துறவி எவாக்ரியுஸ், நண்பகலில் துறவியரைப் பீடிக்கும் அசிடியா என்னும் உள்ளச் சோர்வைப் பற்றி நுணுகி எழுதியவர். அது வரும்போது, கண்ணீரோடு ஆன்மாவை இரண்டாகப் பகுத்து, ஒரு பாதி மறுபாதியைத் தேற்றட்டும் என்பது அவர் காட்டும் வழிகளில் ஒன்று. எண்ணங்களை முதியவர் ஒருவரிடம் மறைக்காமல் வெளியிடுவது அப்பாலைவனத்தாரின் பொது வழக்கம். சோர்வைச் சோம்பல் என்று அதட்டுவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை என்பது கருதத்தக்கது. அதே வேளையில், பேசு பேசு என்று துன்புற்றவரை நெருக்குவதும் மருந்தன்று. பேரிடர் முடிந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டச் செய்யும் முறையை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. மதுரகவிகள் கல்லெறிந்துவிட்டுக் காத்திருந்தார்.

நம் போதகர்களும் பங்குத்தந்தையரும் கதாப்பிரசங்கிகளும், ஏற்றுவதற்குக் கல்லறை இல்லாத அந்தக் கடற்கரைப் பெண்ணின் பொறுமையை எடுத்துக்காட்டாகச் சொல்லிப் பிரசங்கம் செய்வதைக் கேட்கும்போதெல்லாம் என் உள்ளம் ஒப்புவதில்லை. அவருடைய அமைதி சுத்தத்தின் அமைதியாக இருக்கலாம். இருக்குமாயின், பக்கத்து வீட்டுத் துயரைக் கண்டு அவர் கண் நனையும், ஏனெனில் அருளில் நின்ற அடியார்கள் எவரும் வறண்ட கண்ணினராய் இருந்ததாக நம் மரபு சொல்லவில்லை. மாணிக்கவாசகரை நினைத்தால் போதும். அல்லது அது கேவலத்தின் அமைதியாக இருக்கலாம். அப்போது அவரைப் புகழ்வது, இருளில் கிடப்பவரை இருளிலேயே இரு என்று வாழ்த்துவதாகும். இரண்டில் எது என்பது பிரசங்க மேடையிலிருந்து பார்த்தால் தெரிவதில்லை. அவர் மீன்கூடையை இறக்கிவைக்கும் நேரம் பார்த்துச் சென்று, உடம்பு எப்படி இருக்கிறது அம்மா என்று கேட்டு, விடை வரும்வரை உட்கார்ந்திருப்பவருக்கே தெரியும்.